அண்ணாச்சி கை வைத்தது நிற்காது

என்னை ஊரறிய மன்னித்த ஒருவரை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எனக்கு மனசு இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். நல்ல உயரம், சிரித்த முகம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். எடை மெஷின், டிக்கெட் மெஷின் போன்றவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன கம்ப்யூட்டர்களைத் தயார் செய்வது அங்கே என் வேலை. கல்யாணமாகித் தென்காசி வந்தேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே எங்காவது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணாச்சியின் கடையில் வேலை கேட்டுப் போனேன். அவர் வேலை தரவில்லை, கூட்டு சேரச் சொன்னார். “தங்கச்சி, நீ மெஷினப் பாரு, நான் ஆளப் பாக்கேன்” என்றார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு ஆட்களைவிட மெஷின் லேசு.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் உள்ள கமிஷன் கடைகளுக்கு பில் போடும் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தோம். விவசாயி கொண்டுவந்த மூட்டையைத் தராசில் வைத்தால் எடை நேராக உள்ளே போகும். பெயரையும் விலையையும் தட்டினால் பில் வரும். கையடக்கமான கறுப்புப் பெட்டி. காற்றாடி கிடையாது, சுழலும் டிஸ்க் கிடையாது. வெங்காயத் தோலும் செம்மண் தூசியும் பறக்கும் இடத்தில் அப்படிப்பட்டதுதான் தாங்கும். தகவல் முழுவதும் ஒரு சின்ன ஃப்ளாஷ் கார்டில் இருக்கும்.

அந்தக் கார்டுக்கு ஒரு குறை உண்டு. எழுத எழுதத் தேயும். வெளியே தெரியாமல், கேட்காமல், கம்ப்யூட்டர் பின்னால் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். யாரும் பார்க்காத குறிப்புகள், தற்காலிகக் கோப்புகள், இன்ன நேரம் எழுந்தேன், இன்ன நேரம் பிரிண்டரைத் தேடினேன் என்று ஓயாத புலம்பல். அத்தனையும் கார்டில் விழுந்தால் கார்டு சீக்கிரம் செத்துப்போகும். போதாததற்கு, நம் ஊர் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் பாதி எழுத்தோடு கார்டு கெட்டுவிடும்.

இதற்குத்தான் ரைட் ஃபில்டர் என்று ஒன்றைப் போடுகிறோம். அதைப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் எதை எழுதினாலும் கார்டுக்குப் போகாது, தற்காலிக நினைவில் மட்டும் நிற்கும். பார்ப்பவர்களுக்கு எழுதப்பட்டது போலவே தெரியும். அணைத்து மறுபடி போட்டால் அத்தனையும் போய், முதல் நாள் இருந்தபடி இருக்கும். கார்டு தேயாது, கெடாது. ஆனால் பில்லும் போய்விடுமே? அதனால் இந்த இந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு என்று குறித்துக் கொடுக்க வேண்டும். விலக்கு கொடுத்தவற்றில் எழுதுவது மட்டும் நேராகக் கார்டுக்குப் போய் நிற்கும்.

எதற்கு விலக்கு, எதற்கு இல்லை என்று முடிவு செய்வதில்தான் என் தொழிலே இருக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுத்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை, கார்டு தேய்ந்துவிடும். கஞ்சத்தனம் பண்ணினால் வியாபாரம் அழியும், இல்லாவிட்டால் தற்காலிக நினைவு நிரம்பி நடுப்பகலில் மெஷின் உறைந்து நிற்கும். நான் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து, ஒரு நாள் வியாபாரம் முழுவதையும் பார்த்து, எந்தக் கோப்பு மாறுகிறது, எது மாறினால் முதலாளிக்கு வலிக்கும் என்று பார்த்துத்தான் விலக்குக் கொடுத்தேன். பில், பற்று வரவு, விலைப் பட்டியல். அவ்வளவுதான். நன்றாக ஓடியது.

கொரோனா ஓய்ந்து மார்க்கெட் பழையபடி நிமிர்ந்த வருஷம் அது. ஓணத்துக்கு முந்தின வாரங்களில் பாவூர்சத்திரத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. புளியறை வழியாக லாரி லாரியாகக் காய் கேரளாவுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு வேறொரு கம்பெனியின் பில் போடும் மென்பொருள் மேல் ஆசை வந்தது. அதை விற்றுக் கொடுத்தால் அவருக்கு லாபம் இருந்திருக்கும். ஓணம் முடியட்டும், நான் ஒவ்வொரு கடையாகப் பார்த்து மாற்றுகிறேன் என்று சொன்னேன். சரி என்றார். நான் அச்சன்புதூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அவரே போய் எல்லாக் கடையிலும் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டார். ஃபில்டரை நிறுத்தி, ஏற்றி, மறுபடி ஓடவிட்டிருக்கிறார். நான் செய்வதைப் பார்த்து அந்த அளவுக்குக் கற்றிருந்தார். புதிய மென்பொருள் தன் பில்லை வேறு ஃபோல்டரில் வைக்கும், அதற்குப் புதிதாக விலக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் நினைக்கவே இல்லை.

மறுநாள் எனக்குச் சொன்னார். “எல்லாம் பாத்துட்டேன் தங்கச்சி, ஜம்முன்னு ஓடுது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. போய்ச் சரிபார்க்க வேண்டும் என்றேன். இந்தக் கூட்டத்தில் எவன் உனக்கு மெஷினை விடுவான், ஓணம் முடியட்டும் என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பித் தந்தார்.

ஓடத்தான் செய்தது. கடைகளில் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை, திரையை மட்டும்தான் அணைப்பார்கள். அணைக்காதவரை எல்லாப் பில்லும் இருப்பது போலத் தெரியும். அப்புறம் ஒரு காலை மேல்காற்று வீசி மின்கம்பம் சாய்ந்தது. கரண்ட் போய், யுபிஎஸ் எல்லாம் காலியாகி, மார்க்கெட் முழுக்க மெஷின்கள் அணைந்தன. கரண்ட் வந்து மெஷின்கள் எழுந்தபோது புதிய மென்பொருள் போட்ட நாளிலிருந்து ஒரு பில்கூட இல்லை. எந்த விவசாயி எத்தனை மூட்டை போட்டான், எந்த லாரியில் எது போனது, ஒன்றும் இல்லை.

நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது அண்ணாச்சி எனக்கு முன்னால் அங்கே இருந்தார். கடைக்காரர்கள், விவசாயிகள், சுமை தூக்குகிறவர்கள் என்று ஒரு கூட்டம் அவரைச் சுற்றி நின்றது. என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். அவர் என் பக்கத்தில் வந்து, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

“தங்கச்சி வேணும்னு செய்யல. தெரியாம செஞ்சுட்டா. நான் மன்னிச்சுட்டேன், நீங்களும் மன்னிச்சு விட்டுருங்க. இனிமே நான் பாத்துக்கிடுதேன்.”

சொல்லிக்கொண்டே என் தலையில் கை வைத்தார்.

நான் அப்போதே பேசியிருக்க வேண்டும் என்று பலர் பின்னால் சொன்னார்கள். சொல்வது சுலபம். அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மையாகவே என்ன நடந்தது என்று தெரியாது. ஏதாவது விட்டுவிட்டேனோ என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு கடைக்குள் போய் மெஷினைத் திறந்து பார்த்து, புதிய ஃபோல்டர் விலக்கில் இல்லை என்று கண்டுபிடித்து வெளியே வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. வழியில் நின்ற இரண்டு கடைக்காரர்களிடம் சொன்னேன், இதைச் செய்தது நான் இல்லை என்று. ஒருவர் சலிப்பாக, “அதான் அவரே பெரிய மனசு பண்ணி விட்டுட்டாருல்லா. பெறகென்ன?” என்றார்.

பழி என்றால் மறுக்கலாம். மன்னிப்பை எப்படி மறுப்பது? மறுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுகிறேன்.

அன்றோடு கூட்டு முடிந்தது. கணவர் போனில், விட்டுத் தொலை, குற்றாலத்தில் லாட்ஜுகள் இல்லையா, அங்கே வேலை பார் என்றார். பார்த்தேன். லாட்ஜ் வரவேற்பில் அறை பதிவு செய்யும் மெஷின், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் மெஷின் என்று எனக்கு வேலை கிடைத்தது. அருவிப் பக்கத்து ஈரத்தில் மெஷின்கள் சீக்கிரம் கெடும், ஆள் தேவைப்பட்டது. ஆனால் பாவூர்சத்திரத்தில் என் பெயர் ‘பில்லை அழிச்ச பொம்பள’ என்று நிலைத்துவிட்டது. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது மார்க்கெட் வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். காயாத துணி மாதிரி அந்தக் கை என் தலையில் இருந்துகொண்டே இருந்தது. குளிக்கும்போதுகூட உணர்ந்திருக்கிறேன். அவருக்கு என்னென்ன ஆக வேண்டும் என்று நான் நினைத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. சாமி கும்பிடும் இடத்தில் நின்றும் நினைத்திருக்கிறேன்.

சில வருஷம் கழித்து ஒரு அக்கா போனில் கூப்பிட்டார். பாவூர்சத்திரத்தில் முருங்கையும் சின்ன வெங்காயமும் வாங்கி விற்கும் கமிஷன் கடை அவருடையது. அவரே கல்லாவில் உட்காருவார். அன்றைக்குக் கூட்டத்தில் அவரும் நின்றிருந்தார், ஒன்றும் பேசவில்லை. இப்போது மெஷின் மாசக் கணக்கில்கூடத் தாங்குவதில்லை, அண்ணாச்சி வந்து வந்து கார்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார், நீ வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அவரையே விட்டுவிடலாமே என்றேன். கடைக் கட்டடம் அண்ணாச்சியின் கூடப்பிறந்த மூத்தவருடையது, பகைத்துக்கொள்ள முடியாது என்றார்.

மார்க்கெட் விடுமுறையன்று மத்தியானம் போனேன். மெஷினைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துபோய் ஃபில்டரை அடியோடு நிறுத்தி வைத்திருந்தார். புலம்பல் முழுவதும் நேராகக் கார்டில் விழுந்துகொண்டிருந்தது. கார்டு சாகாமல் என்ன செய்யும்?

நல்ல கார்டு ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, ஃபில்டரை ஓடவிட்டேன். பிறகு விலக்குகளைக் குறிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பில் ஃபோல்டருக்கு விலக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டால் என்ன? மெஷின் இப்போதும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் போகும். இந்தத் தடவை அவர் கை வைக்க என் தலை பக்கத்தில் இருக்காது. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே கருவேப்பிலைக் கட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அடி அவருக்கும், எங்கோ முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு விவசாயிக்கும்தான் விழும் என்று தெரிந்தது. அண்ணாச்சி அப்போதும் ஒரு மன்னிப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் வேறு மாதிரி செய்தேன். பில், பற்று வரவு, விலைப் பட்டியல் மூன்றுக்கும் விலக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வேண்டுமென்றே அணைத்து, மறுபடி போட்டு, நிற்கிறதா என்று அக்காவையே பார்க்க வைத்தேன். அக்கா விலை மாற்றினால் நிற்கும், புது விவசாயி பெயர் சேர்த்தால் நிற்கும். ஆனால் மெஷினின் உள் அமைப்புகள், பில்லின் அடியில் என்ன அச்சாக வேண்டும் என்பது, புதிய மென்பொருள் ஏற்றுவது, அதாவது அண்ணாச்சி வந்து கை வைக்கிற எதற்கும் விலக்கு இல்லை. தற்காலிக நினைவு நிரம்பாமலிருக்க தினமும் கடை திறக்குமுன் மெஷின் தானாக ஒரு தடவை அணைந்து எழும்படியும் வைத்தேன். அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதைக் குறித்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் வேலை சம்பந்தப்பட்டது இல்லை.

அக்காவிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ அவரு வந்து என்ன மாத்தினாலும்?” என்று கேட்டார்.

“அன்னைக்கு இருக்கும்க்கா. மறுநா காலைல நான் வச்சது மாதிரி ஆயிரும்.”

அக்கா கருவேப்பிலைக் கட்டு ஒன்றை இறுக்கிக் கட்டி ஓரமாக வைத்தார். பிறகு, “செய்யி” என்றார். “அன்னைக்கு நானும் வாயத் தொறக்காம நின்னேன்லா.”

பில்லின் அடியில் அண்ணாச்சியின் கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சாகிக்கொண்டிருந்தன. ஃபில்டரை ஒரு நிமிஷம் நிறுத்தி அதை எடுத்துவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். அந்த வரிதான் அவருக்கு எல்லாம். ஊர் ஊராகப் போகும் பில்லில் அவர் பெயர் போகும்.

சில நாளில் அவர் கண்ணில் பட்டுவிட்டது. வந்து உட்கார்ந்து, பெயரை மறுபடி அடித்து, ஒரு பில் போட்டுப் பார்த்துத் திருப்தியாகப் போயிருக்கிறார். மறுநாள் காலை முதல் பில்லிலேயே இல்லை. மறுபடி வந்தார். மறுபடி அடித்தார். அக்கா எனக்குப் போன் செய்து ஒவ்வொன்றையும் சொல்வார். நான் குற்றாலத்தில் ஏதாவது லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு தடவை அவர் தன் மென்பொருளையே புதிதாக ஏற்றி, மத்தியானம் வரை இருந்து எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனாராம். காலையில் அது இருந்த தடமே இல்லை. பக்கத்துக் கடைக்காரர், “அண்ணாச்சி, நேத்து நீங்க வந்தீங்களா, இல்ல நான் கனவு கண்டேனா?” என்று கேட்டாராம்.

பிறகு அவர் கார்டைச் சந்தேகப்பட்டார். ஃபில்டரைத்தான் எப்போதோ நிறுத்தியாயிற்றே என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கம் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதிய கார்டு வாங்கி, பழையதை அப்படியே அதற்கு நகலெடுத்துப் போட்டார். நகலோடு ஃபில்டரும், நான் கொடுத்த விலக்குகளும், கொடுக்காத விலக்குகளும் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டன. அதை அக்கா சொன்ன அன்று நான் சிரித்த சிரிப்பில் வரவேற்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த வருஷங்களில் சிரித்ததில்லை.

அந்த ஓணத்தில் கரண்ட் பலமுறை போனது. மற்றக் கடைகளில் கார்டுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அக்கா கடை மெஷின் ஒரு பில் விடாமல் நின்றது. கடைக்காரர்கள் அக்காவிடம் விசாரித்தார்கள். அவர் என் நம்பரைக் கொடுத்தார். ஒரு கடை, அப்புறம் எதிர்க்கடை, அப்புறம் அந்த வரிசை முழுவதும். ஒவ்வொரு கடையிலும் பில்லின் அடியில் இருந்த அந்த வரியை என் கையால் எடுத்தேன். அங்கெல்லாம் கட்டட உரிமையாளருக்குப் பயப்பட வேண்டியதில்லை. அக்கா கடை விஷயத்திலும் மூத்தவர் தலையிடவில்லை. அவருக்கு வாடகை வந்தால் போதும், தம்பி மேல் பெரிய பாசம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சாரல் சீசனில் அண்ணாச்சி என்னைத் தேடிக் குற்றாலத்துக்கே வந்தார். ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வயர் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போகிறவர்கள் நடுவே நனைந்த சட்டையோடு நின்றார். மெலிந்திருந்தார்.

“தங்கச்சி, அந்தக் கடை மெஷின்ல நீ என்ன செஞ்சே?” என்று கேட்டார். சண்டைக்கு வந்தது போல இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மார்க்கெட்டில் அப்படிச் சொன்னீர்களே, என்ன நடந்தது என்று தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்து சொன்னீர்களா என்று கேட்டேன். தெரியாமல் என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ.

“தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றார். “பஸ்ஸ விட்டு நீ எறங்கி வரும்போதே எனக்குத் தெரியும், நான் ஏத்தினதுதான் வெனைன்னு. உனக்கு வீட்டுக்காரரு சம்பளம் இருக்கு. எனக்குக் கடை மட்டுந்தான். நீ தாங்கிக்கிடுவேன்னு நெனச்சேன்.”

நான் தாங்குவேன் என்று கணக்குப் போட்டு என் தலையில் கை வைத்திருக்கிறார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

“இதையே பாவூர்சத்திரத்துல வந்து சொல்லுங்க. அன்னைக்கு நின்ன அதே எடத்துல. பெறகு நான் என்ன செஞ்சேன்னு சொல்லுதேன்” என்றேன்.

“அங்கன சொன்னா மிச்சம் இருக்க கடையும் போயிரும்.”

“தெரியும் அண்ணாச்சி.”

லாட்ஜ்காரர் அவரை அறை கேட்டு வந்தவர் என்று நினைத்து, எத்தனை பேர் என்று விசாரித்தார். அண்ணாச்சி சாரலில் இறங்கிப் போய்விட்டார். நான் திரும்ப வயரைப் பார்க்க உட்கார்ந்தேன். எந்த வயர் எது என்று மறந்துபோயிருந்தது.

அவர் மார்க்கெட்டில் வந்து சொல்லவில்லை. சொல்லாமலே கடைகள் போயின. தென்காசிக் கடையை மூடிவிட்டு, செங்கோட்டைப் பக்கம் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலைக்கு இறங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அந்த மார்க்கெட்டில் பெரும்பாலான மெஷின்கள் என்னுடையவை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் போன மாதம் ஒரு கடைக்காரர், நல்ல மனுஷர், எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார். “இந்தப் பிள்ளதான் அன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுச்சு. ஆனா பாரு, இன்னைக்கு எப்படிக் கத்துக்கிட்டு வந்திருக்கு.” நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அவர் மெஷினிலும் விலக்குகளைச் சரியாகத்தான் கொடுத்தேன். அதில் நான் பிசகமாட்டேன்.

அண்ணாச்சியை அப்புறம் ஒரு தடவை பார்த்தேன். கேரளாவில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் புளியறை சோதனைச் சாவடி தாண்டி ஒரு ஹோட்டலில் சாப்பிட இறங்கினேன். வாசலில் ஏணி மேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். லாரிகள் வரிசையாக நின்றன. என்னைப் பார்த்துவிட்டார். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் புரோட்டாவைச் சாப்பிட்டு முடித்தேன். கிளம்பியிருக்கலாம், வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். நான் வாசலைப் பார்த்த நாற்காலிக்கு மாறி, சர்க்கரை குறைத்து ஒரு டீ சொன்னேன். அவர் கை தடுமாறி திருகாணி கீழே விழுந்தது. இறங்கி எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ தீர்ந்ததும் இன்னொன்று சொன்னேன்.